இடது ஆணி, வலது ஆணி

சென்னையில் பிஸ்கட் உறைகளுக்கு
வாய் வரைந்துகொண்டிருந்தேன்.
எந்த இடத்தில் கிழித்தால் நொறுங்காது என்பதற்குச் சம்பளம்.
ஊரடங்குக்கு முந்தின ரயிலில்
பாம்பன் பாலம் தாண்டிச் சின்னப்பாலம் வந்தேன்,
பையில் லேப்டாப், மஞ்சள் ஒட்டுச்சீட்டு நான்கு கட்டு.

சீட்டுகள் முதல் வாரமே உதிர்ந்தன.
உப்புக்காற்று எந்தப் பசையையும் நம்பவிடாது.
'யாருக்கு என்ன தேவை' என்று எழுதியதை
ஒரு கோழி கொத்திப் பார்த்துவிட்டு
வேறு பக்கம் போனது.

முதலில் ஒரு போன் நம்பர்.
பள்ளிக்கூடச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதினோம்.
பத்து நாளில் மூன்று அழைப்பு.
ஒன்று ராங் நம்பர்.
ஒன்று பாக்கியநாதன், டாஸ்மாக் எப்போது திறக்கும் என்று.
மூன்றாவதில் பேச்சு இல்லை,
கொஞ்ச நேரம் மூச்சு,
பிறகு கடல்.
திருப்பி அழைத்தால் ஸ்விட்ச் ஆஃப்.

வீடு வீடாகப் போனேன், ஆறடி தள்ளி நின்று.
ரீசார்ஜ் தீர்ந்த போன்கள்,
மகன் வேலைக்குக் கொண்டுபோய் அங்கேயே மாட்டிக்கொண்ட போன்கள்.
எழுத்துக் கூட்டத் தெரியாதவர்கள்
சுவரைத் தேர்தல் விளம்பரம் என்று நினைத்திருந்தார்கள்.

அடுத்தது சிவப்புத் துணி.
அரிசி இல்லையா, சர்க்கரை மாத்திரை தீர்ந்ததா,
வாசலில் கட்டுங்கள், வருகிறோம்.
ஒரு வாசலும் சிவக்கவில்லை.
உம்முசல்மா கதவை விரற்கடை திறந்து சொன்னாள்:
"தகரம் அடிச்ச வீட்டை ஊரே சுத்திப் போகுது.
நானா என் வாசல்ல சிவப்பு மாட்டுவேன்?
பசிச்சா படுத்துக்கலாம் தம்பி,
பேரு கெட்டா எங்கிட்டுப் படுக்க?"

அன்று இரவு வரைந்ததையெல்லாம் அழித்தேன்.
அரிசி மூட்டை கனமில்லை,
கேட்கும் வாய்தான் கனம்.

தடைக்காலம். கரையில் படகுகள் சும்மா கிடந்தன.
வலைகளிலிருந்து மிதவைகளைக் கழற்றினோம்.
வீட்டுக்கு ஒன்று,
விசைப்படகு முதலாளிக்கும் ஒன்று,
அவரிடம் வட்டி கட்டுகிறவனுக்கும் ஒன்று.
கதவின் இருபுறமும் ஆணி.
ஒற்றைத் தேதியில் இடது, இரட்டையில் வலது,
விடிந்ததும் மாற்றி மாட்ட வேண்டும்.
மாறாத வீட்டுக்கு ஆள் போகும்.
கஷ்டத்தில் இருப்பவர் ஒன்றும் செய்ய வேண்டாம்,
சுகமாக இருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பெருமையாகத்தான் இருந்தது.
மே முப்பத்தொன்றும் ஜூன் ஒன்றும்
இரண்டுமே ஒற்றை என்று உறைக்கும்வரை.
ஊரே இடது ஆணியில் தொங்கியது.
நானும் நாகூர்கனியும் தொண்ணூறு கதவு தட்டினோம்.
எல்லோரும் தூக்கக் கலக்கத்தில் திட்டினார்கள்,
அதைவிட நல்ல சேதி அந்த மாதம் கேட்கவில்லை.

ஜெசிந்தா திருத்தினாள்,
இட்லித் தட்டைக் கழுவிக்கொண்டே:
"தேதி யாருக்குப்பா தெரியுது இப்ப?
விடிஞ்சா வலது. விளக்கு வச்சா இடது."

ஜூன் பாதியில் தடைக்காலம் முடிந்தது.
வலைக்காரர்கள் மிதவைகளைத் திருப்பிக் கேட்டார்கள்.
கொடுத்தோம். யோசித்து வைத்தது எதுவும் இல்லை.
மறுநாள் ஆணிகளில்
ஒற்றைச் செருப்பு, பிளாஸ்டிக் மக்,
அறுந்த சைக்கிள் செயின்,
யாரோ ஒரு பிள்ளையின் பள்ளி அடையாள அட்டை.
நான் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை.

கடைசி வீட்டுக் கித்தேரியம்மாள்
பாசி எடுக்க முழுகும்போது போடுகிற கண்ணாடியை மாட்டினாள்.
அரிசிப் பை கொடுத்தால்
"எனக்கா? வேற யாருக்காச்சும் குடு" என்பவள்.
சில நாள் மாற்றி மாட்டிவிட்டே பட்டினி கிடந்திருக்கிறாள்.
அதற்கு என்னிடம் ஆணி இல்லை.

ஒரு வியாழக்கிழமை, வெயில் ஏறியும்
கண்ணாடி இடது பக்கமே இருந்தது.
கடலுக்குப் போயிருந்தால் கண்ணாடியும் போயிருக்கும்.
நாகூர்கனி ஓடினான், பின்னால் நான்,
சட்டைப்பையில் ஆக்சிமீட்டர் துள்ளித் துள்ளி.

தட்டினோம்.
உள்ளே பேச்சு இல்லை.
மூச்சு.
எனக்குத் தெரிந்த மூச்சு.
இந்த முறை கடல் வருவதற்குள்
கதவைத் தள்ளினோம்.